பதினான்காவது குறை: உடனே நீக்கவும்

யாராவது "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டால், நான் சொல்லிவிடுவேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடப் போட்டதில்லை. இந்த ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெளியே வரும்போது பெண்ணின் அப்பா "சாப்பாடு எப்படி?" என்று கேட்பார் இல்லையா, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. நான் மட்டும் அங்கேயே நின்று, ரசத்தில் பெருங்காயம் தூக்கல், இரண்டாம் பந்திக்குப் பாயசம் ஆறிவிட்டது, கை கழுவுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள் என்று வரிசையாக ஒப்பிப்பேன். என் மனைவி சுமதி மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு ஓடிவருவாள். பாதி நாள் அவள் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

என் வேலை அப்படி. மறைமலைநகரில் வண்டிக்கான பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். எட்டு மணி நேரம் நின்றபடி, வரிசையாக வரும் சாமான்களை எடுத்து, அளந்து, அதன் மேல் ஓர் அட்டையை ஒட்ட வேண்டும். பச்சை என்றால் தேறிவிட்டது, லாரியில் ஏற்றலாம். மஞ்சள் என்றால் திருத்தினால் தேறும். சிவப்பு என்றால் குப்பை. குறையுள்ள சாமானை அட்டை ஒட்டாமல் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாலும் எங்களுக்கு மெமோ வரும். பதினோரு வருஷம் இதைச் செய்தால் மனிதன் என்ன ஆவான் என்பதற்கு நான்தான் சாட்சி. சட்டைப் பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதாமல் போனால்?), கால்சட்டைப் பையில் மூன்று நிற அட்டைக் கட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதே அலங்காரம்தான்.

இந்த அலங்காரத்தோடு ஞாயிறு தவறாமல் நான் போகிற இடம், சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் மாமனார் வீடு. மாமனார் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கத்து ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவர். நானோ திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பம், மாட்டை அதட்டிய குரல். போனதும் கேட்டின் தாழ்ப்பாளில் ஆரம்பிப்பேன். துளசி மாடம் கோணல் என்பேன், மாமியார் அடுத்த வாரத்துக்குள் ஆள் வைத்து நிமிர்த்தியிருப்பார். இப்போது வெயில் விழவில்லை என்பேன், இடம் மாற்றியிருப்பார். எட்டு வருஷத்தில் அந்தத் துளசி மாடம் மூன்று முறை இடம் பெயர்ந்தது. அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. மூத்த மாப்பிள்ளை அல்லவா! என் யோசனைகளில் அவர்கள் சொக்கிப் போயிருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். (தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு அடித்துக்கொள்கிறேன்.)

சுமதியின் தம்பி பிரபு. ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், ஒரு நாள் அதை விட்டுவிட்டு வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, தனி ஆளாக ஒரு கணினி விளையாட்டு செய்ய ஆரம்பித்தான். படம் அவனே, இசை அவனே, வசனம் அவனே. இரண்டு வருஷம் ஆயிற்று. மாமனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அவன் சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விடுவார், அது போதாதா? கடைசியில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்படிச் சின்ன விளையாட்டு செய்கிறவர்கள் எல்லாம் ஒரு ஓட்டல் அரங்கில் மேசை போட்டுத் தங்கள் விளையாட்டைக் காட்டப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து, விளையாட்டுகளை வாங்கி வெளியிடுகிற நிறுவனத்து அம்மா ஒருவர் வருகிறார். பிரபுவின் விளையாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து விளையாடிப் பார்க்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டால் பிரபு இதையே தொடரலாம். இல்லாவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை, புதிதாக வந்திருக்கும் ஐ.டி. வேலைக்குச் சரி என்று பதில் அனுப்பிவிட வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்பு பிரபு என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்க ஒரு தடவை விளையாடிப் பாத்து சொல்றீங்களா? போன்லயே ஏத்தித் தரேன்."

"சொல்லிட்டா போச்சு."

"கன்ஸ்ட்ரக்டிவ் ஃபீட்பேக்கா வேணும் மாமா. அதாவது, சும்மா நல்லா இல்லன்னு சொல்லாம, எதை எப்படி மாத்தினா நல்லா வரும்னு."

"அதான்பா எங்க பொழப்பே!" என்றேன். சுமதி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு 'வேண்டாம், வேண்டாம்' என்று கையை ஆட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பாவம்.

விளையாட்டு இதுதான். ஒரு கழிமுகம், கரையில் இடிந்த பழைய கோட்டை. நீங்கள் படகுக்காரர். இந்தக் கரையில் ஏறுகிறவரை அந்தக் கரையில் இறக்கிவிட வேண்டும். துடுப்புப் போடப் போட ஏறியவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். மீன் விற்கிற பெண், வேலை போன வாத்தியார், மகளைத் தேடிப் போகிற ஒருவர் என்று ஆறு பேர். சுடுவது, வெட்டுவது, குதிப்பது ஒன்றும் கிடையாது. கிளம்புகிற படகுத்துறையில் மட்டும் ஓர் ஆள் தினமும் நிற்பான். பையில் இரண்டு பேனா. கையில் அட்டை. நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் படகைக் கட்டினாலும் வந்து பார்த்து எதையாவது எழுதுவான். 'கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது.' 'படகு ஆடுகிறது.' ஒரு நாள் 'துடுப்பு ஈரமாக இருக்கிறது' என்று எழுதினான். துடுப்பு ஈரமாக இல்லாமல் வேறு எப்படி ஐயா இருக்கும்? எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் அதையே விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் கோபால். என் செக்ஷன்காரன், சிங்கப்பெருமாள் கோயிலில் என்னோடு ஏறுகிறவன்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி போனுக்குள்ளயே கீது? வூட்ல எதுனா பேஜாரா?"

"மச்சான் செஞ்ச கேமுபா. சூப்பரா கீது. ஆனா இந்தாளு ஒருத்தன் வந்து வந்து உசுர வாங்கினு கீறான் பாரு."

கோபால் திரையைப் பார்த்தான். என் சட்டைப் பையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். "யாரு அண்ணாத்த இவரு?" என்றான், தொண்டை ஒரு மாதிரியாக.

"எவனோ. வூட்ல தண்ணி தெளிச்சு வுட்ட கேசு."

அவன் சடாரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தொழிற்சாலை வாசல் வரைக்கும் அவன் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. இருமல் போல என்று நினைத்து என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

இன்னொரு உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்திருந்தது. புதன்கிழமை காலை, மகளைத் தேடிப் போகிறவரை அக்கரையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, கம்பெனி பஸ் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்று கிளம்பிப் போனது. எனக்குத் தெரியவே இல்லை. பதினோரு வருஷத்தில் நான் பஸ்ஸை விட்டது அன்றைக்குத்தான்.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் தொழிற்சாலைப் படிவத்தையே எடுத்துக்கொண்டேன். வரிசை எண், குறை, தீவிரம், திருத்தும் வழி, பொறுப்பாளர், முடிக்க வேண்டிய நாள். அறுபத்து மூன்று குறை தேறியது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அறுபத்து மூன்று முறையும் 'பிரபு' என்று போட்டேன். முடிக்க வேண்டிய நாள் எல்லாவற்றுக்கும் சனிக்கிழமை. ஐம்பத்திரண்டாவது குறை, கோட்டையின் நிழல் இடப்பக்கமும் படகின் நிழல் வலப்பக்கமும் விழுகிறது, ஒரு ஊருக்கு ஒரு சூரியன்தான். அதை எழுதிவிட்டு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பதினான்காவது குறையை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். அது வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். என் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்:

'படகுத்துறையில் நிற்கும் நபர். நம்பும்படி இல்லை. இப்படி ஒரு மனிதன் உலகத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. இருந்தால் அவனை வீட்டில் எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள்? விளையாட்டுக்கு எந்தப் பயனும் இல்லாதவன். உடனே நீக்கவும்.'

சுமதி என் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள்.

"அந்த ஆளை உங்களுக்கு சுத்தமா பிடிக்கலையா?"

"சுத்தமா."

"கொஞ்சம்கூடவா?"

"நீயே சொல்லு சுமதி. இந்த மாதிரி ஆளோட ஒரு பொம்பளை குடித்தனம் பண்ண முடியுமா?"

"பண்ணிட்டுதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். ஊர் உலகத்துப் பெண்களை நினைத்துச் சொல்கிறாள் என்று நினைத்து, அவளுடைய நல்ல மனசை மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிரபு போன் செய்தான். அறுபத்து மூன்றையும் பார்த்துவிட்டானாம். மாமனாரும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இவ்ளோ சிரமப்பட்டு எழுதியிருக்கார், ஒண்ணு விடாம பண்ணிடு" என்று சொல்லிவிட்டாராம்.

"மாமா, அந்தப் பதினாலாவது பாயிண்ட் மட்டும் இருக்கட்டுமா?"

"அதுதான்பா முதல்ல போவணும். மத்ததுங்கள்லாம் மஞ்சள். அது ஒண்ணுதான் சிவப்பு."



"சரி மாமா" என்றான்.

அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? அது நீங்கதான் மாமா என்று மூத்த மாப்பிள்ளையிடம் எந்த மச்சானால் சொல்ல முடியும்? இன்றைக்கும் அந்தச் 'சரி மாமா' நினைவுக்கு வந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். மாமியார் கோயிலுக்குப் போகிற பட்டுப் புடவையில் வந்திருந்தார். அரங்கத்தில் முப்பது மேசை இருக்கும், மேசைக்கு ஒரு கணினி, பக்கத்தில் கருத்து எழுதத் துண்டுச் சீட்டு. பிரபுவுக்குப் பதினோராவது மேசை. மூன்று நாளாகத் தூங்காமல் அறுபத்து மூன்றையும் திருத்த உட்கார்ந்தவன், கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போல நின்றுகொண்டிருந்தான். நான் கையோடு கொண்டு போயிருந்த ரசமட்டத்தை வைத்து மேசை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்திருந்தது. காகிதத்தை மடித்துக் காலுக்கு அண்டை கொடுத்தேன்.

பன்னிரண்டாவது மேசையில் ஒரு பெண், ஆடு மேய்க்கிற விளையாட்டு வைத்திருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதையும் விளையாடிப் பார்த்தேன். "எப்படி சார் இருக்கு?" என்று அவள் கேட்டுவிட்டாள். பதினொரு குறை சொல்லி, ஒரு மஞ்சள் அட்டையை அவள் கணினியில் ஒட்டினேன். அவள் அழவில்லை, ஆனால் பெரிதாக மூக்கை உறிஞ்சினாள்.

பத்தரை மணிக்குப் பெங்களூர் அம்மா வந்துவிட்டார் என்று பிரபுவுக்குப் போன் வந்தது. வாசலுக்கு ஓடினான். ஓடும்போது, "மாமா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றான். பார்த்துக்கொள்ளத்தானே பிறந்திருக்கிறேன்! கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்ப்போமென்று உட்கார்ந்தேன்.

படகுத்துறை காலியாக இருந்தது. அந்தச் சனியன் ஒழிந்தான் என்று சந்தோஷமாகப் படகை எடுத்தேன். மீன்காரப் பெண் ஏறி உட்கார்ந்தாள். துடுப்புப் போட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி துடுப்புப் போட்டேன். அக்கரை வந்தது, இறங்கிப் போய்விட்டாள். வாத்தியார் ஏறினார், பேசவில்லை. மகளைத் தேடிப் போகிறவர் ஏறினார், அவரும் பேசவில்லை. ஆறு பேரும் ஊமையாக வந்து ஊமையாகப் போனார்கள். சளப், சளப் என்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன வாரம் நான் விளையாடியபோது ஒவ்வொரு கதையும் எப்படித் தொடங்கியது? படகில் ஏறுகிறவர் துறையில் நிற்கும் அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பார். "அவர் எழுதுறதை மனசுல வச்சுக்காதப்பா, எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் உண்டு" என்பார். அங்கே பிடித்துத்தான் அவரவர் கதை வரும். அறுபத்து மூன்று குறை கண்டுபிடித்த கழுகுக் கண்ணுக்கு இந்த ஒன்று தெரியவில்லை. அந்த ஆளை எடுத்ததும் யாருக்கும் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு இல்லாமல் போய்விட்டது.

ஓடிப் போய்ப் பிரபுவை நிறுத்தியிருக்க வேண்டும். பழைய விளையாட்டு என் போனிலேயே இருந்தது, அதை எடுத்து நீட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை தன்னால் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. குறையுள்ள சாமானை அட்டை ஒட்டாமல் விட்டுப் போகக் கூடாது இல்லையா? கணினியின் மூடிக்குப் பின்னால், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, சிவப்பு அட்டையை ஒட்டினேன். 'ரிஜெக்ட்' என்று கட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஓரம் தூக்காமல் நன்றாகத் தேய்த்தும் விட்டேன். எங்கள் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே ஆட்டுக்காரப் பெண்ணின் பக்கம் ஒதுங்கினார்கள்.

தலையைத் தூக்கினால் எதிரே பிரபு. பக்கத்தில் கண்ணாடி போட்ட, கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மா. இருவரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு ஒட்டினது இது?" என்றார் அந்த அம்மா.

நான் தொண்டையைச் செருமினேன். பிரபு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார். சளப், சளப். ஒருவர் இறங்கினார், இன்னொருவர் ஏறினார். சளப், சளப். மாமியார் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். மாமனார் பெருமூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, வீடியோல ஒரு ஆள் வருவாரே, அவரை எங்க? ரெண்டு பேனா வச்சுக்கிட்டு, துடுப்பு ஈரமா இருக்குன்னு எழுதுவாரே. அந்த மனுஷனைப் பாக்கத்தான் நான் பெங்களூர்லருந்து வந்தேன்" என்றார் அந்த அம்மா.

"எடுத்துட்டேன் மேடம்."

"எடுத்துட்டீங்களா! யாரு எடுக்கச் சொன்னா?"

பிரபு குனிந்து கருத்துச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். எனக்கோ கைகால் ஓடவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாய்தான் ஓடும். "மேடம், கொஞ்சம் கைய எடுத்துக்கிறீங்களா, மேசை விரிப்பு ஒரு பக்கமா இழுத்துக்கினு கீது" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை. பிறகு பையில் இருந்த இரண்டு பேனாவை. பிறகு கையில் இருந்த அட்டைக் கட்டை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஐயோ," என்றார். "இவரா!"

நான் சுமதியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். மாமனார் கணினி வயரைப் பார்த்தார். இரண்டு பேனா. அட்டை. ஞாயிறு தவறாமல் வந்து நிற்கிற ஆள். துளசி மாடம். 'இருந்தால் அவனை வீட்டில் எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள்?'

"எடுக்கச் சொன்னதும் இவர்தானா?" என்று அந்த அம்மா கேட்டார். பிரபு தலையை ஆட்டினான். அவர் சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ரொம்பத் தன்மையாக, "தம்பி, அவர் இல்லாம இது வெறும் தண்ணிப்பா. திரும்ப வச்சதும் எனக்குச் சொல்லுங்க" என்று எழுந்தார். பதறிப் போய்ப் போனை எடுத்து, "பழசு இதுல கீது மேடம்!" என்றேன். அந்த அம்மா, இரண்டு வருஷ வேலையை அறுபத்து மூன்று குறைக்கு விட்டுக்கொடுத்த பையனைப் பார்த்துவிட்டு, "இல்ல சார், எதை வைக்கணும்னு இவரே இன்னும் முடிவு பண்ணல. முடிஞ்சதைத்தான் நான் எடுக்க முடியும்" என்று பன்னிரண்டாவது மேசைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் அவர் எடுத்துக்கொண்டது ஆடு மேய்க்கிற விளையாட்டை. மஞ்சள் அட்டை ஒட்டினேன் இல்லையா, அதைத்தான்.

மத்தியானம் கடற்கரைப் பக்கம் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். கொளுத்துகிற வெயில். சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடலுக்குள் இறங்கி அப்படியே நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிரபு இரண்டு இளநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா பண்ணி வச்சிக்கீறேன் பாருபா" என்றேன்.

"உங்களைக் கிண்டல் பண்ண வைக்கல மாமா" என்றான். "அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ பதினெட்டு நாள். எல்லாரும் ஒருநாள் வந்தாங்க, ஹார்லிக்ஸ் குடுத்தாங்க, போய்ட்டாங்க. டெய்லி ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து நின்னது நீங்க ஒருத்தர்தான். வந்து, சலைன் ஸ்டாண்டு கோணலா இருக்குன்னு சண்டை போட்டீங்க. அந்த கேம்ல எல்லாரும் ஏறுவாங்க, இறங்கிப் போய்டுவாங்க. தினமும் வந்து நிக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அதான் வச்சேன்."

நான் இளநீர் ஸ்டிராவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. உங்களுக்கு அது பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சிருந்ததுபா. கம்பெனி பஸ்ஸையே வுட்டுட்டேன்."

"அதை எழுதியிருக்கலாமே மாமா."

"எங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கிடையாதுபா" என்றேன். சத்தியமாக அதுதான் காரணம். நல்ல சாமானுக்குப் பச்சையை ஒட்டி லாரியில் ஏற்றிவிடுவோம், அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். அவன் இளநீரைக் குடித்து முடித்தான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குச் சரி என்று பதில் அனுப்பினான். மாமனார் பெருமூச்சு விடுவதை நிறுத்தினார். அவன் சாப்பிடும்போது எதிரே உட்காருவதையும் நிறுத்திவிட்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேலாக, சனி ஞாயிறுகளில் மட்டும் உட்கார்ந்து, பிரபு அந்த ஆளைத் திரும்பப் படகுத்துறையில் நிற்க வைத்தான். பெங்களூர் அம்மா அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவனே வெளியிட்டான். பெரிதாக ஓடவில்லை, ஆனால் விளையாடியவர்கள் விடாமல் ஏதாவது எழுதுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் எழுதுவது ஒன்றேதான், அந்தப் பேனாக்காரன் கையில் கிடைத்தால் என்ன செய்வோம் என்று. முகம் தெரியாத ஊர்களிலிருந்து என்னைத் திட்டுகிறார்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன்.

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை மரியாதை அன்றோடு போயிற்று. மாமியார் ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்று, "என்ன கலர் மாப்பிள்ளை?" என்கிறார். கொழுந்தியாள் கல்யாணத்தில், பந்தி பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "அதோ பதினாலாவது குறை வராரு, இலையை ஒழுங்கா போடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

புது விளையாட்டில் அந்த ஆளின் சட்டைப் பையில், பேனாக்களுக்குப் பின்னால், ஒரு பச்சை அட்டையின் நுனி தெரிகிறது, திருப்தியானால் அதை எடுத்து நீட்டுவானாம். துறையில் 'குறை சொல்' என்று ஒரு பொத்தானும் புதிதாக இருக்கிறது, அதைத் தொட்டால் அந்த ஆளையே நாம் பதிலுக்குக் குறை சொல்லலாம். பச்சை அட்டை வாங்குவதற்கு நான் படாத பாடு பட்டேன். கயிற்றைச் சுற்றி வைத்தேன், படகைக் கழுவினேன், துடுப்பைத் துடைத்துக் காய வைத்தேன். 'துடுப்பு அதிகமாகக் காய்ந்திருக்கிறது' என்று எழுதினான் பாவி. பல மாதம் முயன்றும் என்னிடமிருந்து எனக்கே ஒரு பச்சை வாங்க முடியவில்லை. போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிய மாமியாருக்கு முதல் நாளே கிடைத்தது.

"என்ன பண்ணீங்க அத்தை?"

"ஒண்ணும் பண்ணலையே மாப்பிள்ளை. பால் பொங்குற சத்தம் கேட்டுது, அப்படியே வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா பச்சையா நீட்டிண்டு நிக்கறான்."

அவ்வளவுதானாம். அந்த ஆள் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம், எதையும் தொடாமல், ஒன்றும் சொல்லாமல் நிற்க வேண்டும். எட்டு வருஷம் நான் பேசப் பேச வாய் திறக்காமல் நின்றவருக்கு ஒரு நிமிஷம் எம்மாத்திரம்?

இப்போது எனக்கும் வழி தெரியும். ஞாயிறு தோறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நிற்கிறேன். இருவரும் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். முப்பது நொடி வரை நன்றாகத்தான் போகும். நாற்பதாவது நொடியில் சூரியன் மேகத்தை விட்டு வெளியே வரும். கோட்டையின் நிழல் இடப்பக்கம் விழும். படகின் நிழல் வலப்பக்கம் விழும். என் கட்டை விரல் 'குறை சொல்' பொத்தானுக்குப் போய்விடும். அறுபத்து மூன்றில் வேண்டிய எல்லாவற்றையும் சரிசெய்தவன், அந்த ஐம்பத்திரண்டாவதை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறான்.

"அந்த நிழலை ஏம்பா சரி பண்ணல?" என்று கேட்டேன்.

"எந்த நிழல் மாமா?" என்றான், பால் வடிகிற முகத்தோடு.

சுமதி இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் ஓடிவருவதில்லை. நான் வாயைத் திறக்கும்போது, இருந்த இடத்திலிருந்தே, "நாப்பது செகண்டு ஆயிடுச்சுங்க" என்று குரல் கொடுக்கிறாள். நானும் வாயை மூடிக்கொண்டு தாம்பூலப் பையை வாங்கிக்கொள்ளப் பழகிவருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு வரை நின்றேன்.